சங்கத்திற்கு அஞ்சும் நிர்வாகம்

கீழக்கரையில் பொறியியற் கலாசாலையும் பாலிடெக்னிக்கும் ஏற்பட்ட பிறகு, கப்பல் வாணிபத்தால் பெயர்பெற்ற இக்கடற்கரையின் வாலிபர்கள் யந்திரத் தொழில் பயின்று வெளியூர்த் தொழிற்சாலைகளை நாடலாயினர். ஆதலின், தொழிற்சாலைகள் மலிந்த ஸ்ரீபெரும்புதூரில், சாம்சங் கம்பெனியில் நிகழ்ந்ததை நம் ஜில்லாவாசிகள் அயலார் விவகாரமென்று தள்ளிவிடுதல் தகாது.

2024 செப்டம்பர் 9-ந் தேதி, குளிர்சாதனப் பெட்டிகளும் சலவை யந்திரங்களும் செய்யும் அத்தொழிற்சாலையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். கூலி உயர்வும் வேலை நேரச் சீர்திருத்தமும் கேட்டனரெனினும், தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டுமென்பதே தலையான கோரிக்கை. சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ என்ற சொல் வருவதை நிர்வாகஸ்தர்கள் ஆக்ஷேபித்தனர். அப்பெயர் பொறித்த பெட்டியை நாளெல்லாம் செய்பவன், அதனைத் தன் சங்கத்திற்குச் சூட்டலாகாதாம்! சங்கத்தின் பதிவோ சர்க்கார் இலாகாவில் தாமதமாயிற்று. தொழிலாளர் ஹைகோர்ட்டை நாட நேர்ந்தது. செப்டம்பர் 16-ந் தேதி ஊர்வலம் செல்ல முனைந்தோரில் நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் போலீஸார் பிடித்துவைத்தனர்.

முடிவு யாது? 37 தினங்கள் நடந்த வேலைநிறுத்தம் அக்டோபர் 15-ந் தேதி ஓய்ந்தது. 2025 ஜனவரியில் சங்கமும் பதிவாயிற்று. முதலிலேயே மனமுவந்து கொடுத்திருக்கக்கூடியதைத் தடுத்து நின்றதால் விளைந்த லாபம் மனக்கசப்பு ஒன்றே.

இந்தப் பிடிவாதம் அக்கம்பெனியின் தாய்நாட்டிலேயே செல்லாக் காசாகிவிட்டது. சங்கமில்லா நிர்வாகமென்னும் கொள்கையை இனிக் கைக்கொள்வதில்லையென்று லீ ஜே-யோங் 2020 மே மாதத்தில் பகிரங்கமாக வாக்களித்தார். கொரியாவுக்கு ஒரு நீதி, காஞ்சீபுரம் ஜில்லாவுக்கு ஒரு நீதியா?

சங்கம் தலையெடுத்தால் அந்நிய மூலதனம் ஓடிவிடும் என்பர் சிலர். யந்திரத்தில் பழுது ஏற்பட்டால் அதை முதலில் அறிபவன் அதனருகே நிற்கும் தொழிலாளியே. நிர்வாகத்தில் பழுது ஏற்பட்டாலும் அவ்வாறே. அவன் வாயை அடைக்கும் முதலாளி தன் கண்ணையே கட்டிக்கொள்கிறான். ஆலைக்குள் கேட்கப்படாத குறை, வீதிக்கு வந்தே தீரும்.

சென்னைத் தொழிலாளர்க்கு இது புதிய பாடமன்று. 1918-ல் திரு. வி. கலியாணசுந்தர முதலியாரும் வாடியாவும் பெரம்பூர் ஆலைத் தொழிலாளரிடையே சென்னைத் தொழிலாளர் சங்கத்தை வளர்த்தபோதும் முதலாளிகள் கோர்ட்டின் துணையை நாடினர். அதன் பிறகே 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது.

அயல்நாட்டு மூலதனத்தை நாம் வெறுக்கவில்லை. சுயமரியாதையை விலையாகக் கேட்கும் மூலதனத்தையே மறுக்கிறோம். ஆலைவேலைக்குப் புறப்படும் நம் வாலிபர்கள் யந்திரத்தின் நுட்பத்தோடு தங்கள் உரிமையின் நுட்பத்தையும் கற்றுச் செல்வார்களாக.