மலையேறும் பூசணம்

2025-இல் வந்த ரீல்ஸ் கூமாப்பட்டியைத் தமிழ்நாடு முழுக்கப் பேசவைத்தது. தேடி வந்தவர்கள் பிளவக்கல் அணையைப் பார்த்தார்கள், தென்னந்தோப்பில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், பின்னால் நின்ற மலை ஓரமாகப் படத்தில் விழுந்தது. மண் நுண்ணுயிரியல்காரர்களுக்கு அந்த ஓரம்தான் முக்கியம். வயலும் தோப்பும் முடிகிற இடத்தில் எழும் அந்தச் சரிவு ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஏறிப் போகிறது.

ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குளிரும். சருகு மெதுவாக மட்கும். மழை கூடுகிற சரிவுகளில் சுண்ணாம்புச் சத்து கரைந்தோடி, மண் அமிலத்தின் பக்கம் சாயும். கார மண்ணில் சுண்ணாம்போடு சிக்கிக்கிடக்கும் மணிச்சத்து, அமில மண்ணில் இரும்போடும் அலுமினியத்தோடும் போய் ஒட்டிக்கொள்ளும். பூட்டு வேறு, சிக்கல் அதே. அதைத் திறந்து வேருக்குக் கொடுக்கிற பூசணம்தான் இடத்துக்கு இடம் மாறுகிறது. உழுது உரமிட்ட நிலங்களில் குளோமஸ் வகையறா தாராளம். அமில மண்ணில் அகாலோஸ்போராவின் பங்கு கூடுகிறது. நீலகிரி, பழனி மலைகளின் உச்சிச் சோலைகளை ஒட்டி நிற்கும் ரோடோடெண்ட்ரானின் வேரிலோ முற்றிலும் வேறு குடும்பத்துப் பூசணம் குடியிருக்கிறது.

உயரத்துக்கேற்பப் பூசணம் மாறும் இந்தப் படிக்கட்டு எல்லா மலையிலும் ஒன்றுபோல் இருக்குமா? இல்லை. உயரம் ஏற ஏறப் பூசண இனங்கள் குறைவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, நடுமலையில் பெருகுவதாக வேறு சில, மாற்றமே இல்லை என்று இன்னும் சில. 2014-இல் பூஞ்சை ஆய்வாளர் டெடெர்சூவும் குழுவினரும் உலகெங்கும் 365 இடங்களின் மண்ணைப் பரிசோதித்து வெளியிட்ட ஆய்வில், பூஞ்சைப் பரவலைத் தீர்மானிப்பதில் தட்பவெப்பமே முன்னால் நின்றது. செடியினங்கள் மிகுந்த இடத்தில் பூஞ்சையினங்களும் அதே அளவில் மிகும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. சிம்போராசோ மலையில் ஏறிய இயற்கையியலாளர் ஹம்போல்ட் செடிகளுக்கு வரைந்த உயர அடுக்குகளை மண்ணுக்குள் அப்படியே இறக்கிவிட முடியாது.

உயரம் பற்றிய ஆய்வுகளின் முரண்பாட்டுக்குப் பாதிக் காரணம் சல்லடையில் இருக்கிறது. கெர்டெமனும் நிக்கல்சனும் 1963-இல் எழுதிவைத்த ஈரச்சலிப்பு முறையைத்தான் இன்றும் பல ஆய்வகங்கள் பின்பற்றுகின்றன. வேரடி மண்ணைத் தண்ணீரில் கலக்கி, மணல் அடியில் தங்கச் சில நொடி விட்டு, மேல்நீரை அடுக்குச் சல்லடையில் ஊற்றினால், அடிச் சல்லடையில் வெள்ளையும் தேன்நிறமும் கறுப்புமாகப் பூசண வித்துகள் மணிமணியாக நிற்கும். எண்ணிவிடலாம். ஆனால் எண்ணப்படுவது பெரும்பாலும் உறங்குகிற பூசணம். கோடையில் வேர் ஓய்ந்து வித்து மிகும். மழையில் வேருக்குள் இழை ஓடும், மண்ணில் வித்து குறையும். மே மாதத்தில் கூமாப்பட்டித் தோப்பையும் ஈரம் காயாத மேல்சரிவையும் ஒரே வாரத்தில் சலித்துவிட்டு, கீழேதான் பூசணம் அதிகம் என்று எழுதினால், அது உயரத்தின் கதையாகாது, பருவத்தின் கதை. பி.எச்., கிட்டும் மணிச்சத்து, மண்ணின் வெப்பம் இல்லாமல் உயரத்தை மட்டும் தாங்கிவரும் அட்டவணைகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

உழவருக்கும் இதில் பங்குண்டு. தென்னைக்கு 'வேம்' என்ற வேர்ப்பூசண உரத்தை இடச் சொல்கிற பரிந்துரை பழையது. அதே வட்டப்பாத்தியில் மணிச்சத்து உரமான டி.ஏ.பி.யைக் கொட்டினால், மணிச்சத்து தாராளமாகக் கிடைக்கிற வேர் பூசணத்துக்குச் சோறு போடாது. பொட்டலத்தில் இனத்தின் பெயரும் காலாவதித் தேதியும் இருந்தால் போதாது. எந்த மண்ணிலிருந்து எடுத்த பூசணம் என்பதும் அச்சாக வேண்டும். குளிர்ந்த அமிலச் சரிவில் பிடித்தது சமவெளிச் சூட்டில் அதே வேலையைச் செய்யும் என்று நம்பக் காரணமில்லை.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கூமாப்பட்டிக்குப் பின்னால் நிற்கும் மலை 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் அடங்குகிறது. வனத்துறை அனுமதியில்லாமல் ஒரு பிடி மண்ணும் எடுக்கக்கூடாது. அனுமதி வாங்கி, வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை, 200 மீட்டருக்கு ஓரிடமாக மண் எடுக்கலாம். மரம் இடத்துக்கு இடம் மாறுவதால், எல்லா மண்ணிலும் ஒரே ரகச் சோளத்தைத் தொட்டியில் விதைக்க வேண்டும். ஒவ்வொரு மண்ணிலும் பாதித் தொட்டிகள் கூமாப்பட்டி வெயிலில், பாதி மலைக்குளிரில். மூன்று மாதம் கழித்து வேரைக் கழுவி, ட்ரைபன் நீலத்தில் சாயமேற்றி, இரண்டு வரிசையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வேரில் பூசணம் பிடிக்கும் அளவை மாற்றியது மண்ணா சூடா என்று தெரியவரும்.