பூனை காட்டும் சரணாகதி

திருவொற்றியூர் வடிவுடையம்மனைத் தரிசிக்க வெள்ளிதோறும் டோல்கேட்டிலிருந்து புறப்படுவார் மூதாட்டி ஒருவர். வழியில் பூனை குறுக்கிட்டால் சகுனம் சரியில்லையென்று வீடு திரும்பிவிடுவார். மீனவர் குடியிருப்புகளை ஒட்டிய அத்தெருக்களில் பூனைக்குப் பஞ்சமில்லை. ஆகவே பல வெள்ளிகளில் அவருக்கு அம்மன் தரிசனம் வாய்க்காமற்போயிற்று.

மலேசியாவில் பணிபுரியும் மகன், ஒருமுறை அவரைச் சரவாக் மாநிலத்தின் கூச்சிங் நகருக்கு அழைத்துச் சென்றார். மலாய் மொழியில் அச்சொல்லுக்குப் பூனை என்றே பொருள். பூனைக்கென்றே ஓர் அருங்காட்சியகம் அங்கே 1993 முதல் இருந்து வருகிறது. வாய் பிளந்த பூனை முகமே அதன் நுழைவாயில். உள்ளே ஓவியங்கள், பொம்மைகள், எகிப்தியர் பதப்படுத்திய பூனையுடல் என எங்கும் பூனைமயம்.

முதலில் முகம் சுளித்த மூதாட்டிக்கு, என்றோ கேட்ட உபந்நியாசம் நினைவில் எழுந்தது. குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும். வடகலையார் சரணாகதிக்குக் காட்டும் மர்க்கட நியாயம் இது. பூனைக்குட்டி ஒன்றும் செய்யாது. தாயே அதைக் கவ்விச் சென்று காக்கும். இது தென்கலையார் கொண்ட மார்ஜார நியாயம். வங்கத்தில் குழந்தைகளைக் காக்கும் சஷ்டி தேவிக்கு வாகனமும் பூனையே. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்திலும் பூனையொன்று கைகளை உயர்த்தித் தவக்கோலத்தில் நிற்கிறது.

இறையருளுக்கே உவமையான உயிர், இறைவன் சந்நிதிக்குச் செல்வோரைத் தடுக்குமா?

ஊர் திரும்பிய பின் வந்த வெள்ளியன்றும் பூனை குறுக்கே ஓடிற்று. மூதாட்டி கணநேரம் நின்றார். பின்னர் கோயிலை நோக்கியே நடந்தார்.