கூடலூர் 'செக்‌ஷன் 17' நிலம்: வீடு இருக்கு, பட்டா இல்லை... அரை நூற்றாண்டு சிக்கலின் பின்னணி என்ன?

நீலகிரி மாவட்டம் கூடலூர், பந்தலூர் பகுதிகளில் தேர்தல் வந்தாலே கேட்கும் வார்த்தை 'செக்‌ஷன் 17'. வீடு கட்டி, தேயிலை பயிரிட்டுப் பல வருஷமா வாழ்றவங்க கையில்கூட பட்டா கிடையாது. பட்டா இல்லைன்னா பேங்க் லோன் கிடைக்காது, கரண்ட் கனெக்‌ஷன் வாங்கவும் போராட வேண்டும். ஏன் இந்த நிலை?

ஜென்ம நிலம்னா என்ன?

கூடலூர் நிலத்தின் பெரும்பகுதி ஒரு காலத்தில் நிலம்பூர் கோவிலகத்துக்குச் சொந்தம். அந்தக் குடும்பம் காடுகளைத் தேயிலை, காபி எஸ்டேட்டுகளுக்குக் குத்தகைக்கு விட்டது. இந்த முறையை ஒழிக்க 1969-ல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. அது நடைமுறைக்கு வந்தது 1974-ல். இதில் சிக்கியது சுமார் 80,000 ஏக்கர்.

செக்‌ஷன் 17 என்ன சொல்கிறது?

சாகுபடி செய்தவர்களுக்குப் பட்டா தர இந்தச் சட்டத்தில் தனிப் பிரிவுகள் உண்டு. எஸ்டேட் குத்தகை நிலங்கள்தான் பிரிவு 17-ல் வருகின்றன. பொதுநலன் கருதினால் அந்தக் குத்தகையை அரசு ரத்து செய்யலாம். எஸ்டேட்டுகள் கோர்ட்டுக்குப் போயின. வழக்கு நீண்டது, அந்த நிலத்தில் குடியேறிய சிறு விவசாயிகளும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள்.

நாட்டையே மாற்றிய வழக்குகள்

நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர் காடுகள் வெட்டப்படுவதை எதிர்த்து 1995-ல் சுப்ரீம் கோர்ட் போனார். 1996 டிசம்பர் 12-ல் வந்த உத்தரவு, யாருக்குச் சொந்தம் என்று பார்க்காமல், அகராதிப் பொருளில் காடாக இருப்பதெல்லாம் காடுதான் என்றது. மத்திய அரசின் அனுமதி இல்லாமல் அங்கே வேறு வேலை செய்யக் கூடாது. இது நாடு முழுவதுக்கும் பொருந்தியது.

9-வது அட்டவணையில் சேர்த்த சட்டங்களையும் கோர்ட் ஆராயலாம் என்ற 2007-ம் ஆண்டின் ஐ.ஆர்.கோயல்ஹோ தீர்ப்பும் இதே ஜென்ம நிலச் சட்டத்திலிருந்து கிளம்பியதுதான். நாட்டுக்கு ரெண்டு பெரிய தீர்ப்புகள் கிடைத்தன. கூடலூர்க்காரர்களுக்குத்தான் பட்டா கிடைக்கவில்லை.

வன உரிமைச் சட்டம் கை கொடுக்காதா?

பழங்குடிகளுக்குக் கை கொடுக்கும். 2006-ம் ஆண்டுச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வன நிலத்தை அனுபவிக்கும் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் போன்றவர்கள் கிராம சபை மூலம் உரிமை கோரலாம். ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 4 ஹெக்டேர். பரிசீலனை முடியும்வரை யாரையும் வெளியேற்றவும் முடியாது.

மற்றவர்களுக்குத்தான் சிக்கல். பழங்குடி அல்லாதவர்கள் 3 தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். கணக்குப் போட்டால் 1930-க்கு முன்பே வந்திருக்கணும்! 1964-ன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழர்களும், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு கேரளாவிலிருந்து வந்த விவசாயிகளும் இந்த வரம்புக்குள் வர மாட்டார்கள்.

எதிர்த்தரப்பு வாதமும் லேசானதல்ல. முதுமலை, வயநாடு, நிலம்பூர் காடுகளை இணைப்பது கூடலூர். எல்லாருக்கும் பட்டா என்று அறிவித்தால், மிச்சமிருக்கும் காடும் துண்டாகும். யானைகள் ஊருக்குள் வருவது கூடும்.

தீர்வு எங்கே?

பெரிய எஸ்டேட்டையும், அரை ஏக்கரில் வீடு கட்டியவரையும் ஒரே தட்டில் வைப்பதுதான் சிக்கலின் வேர். முதலில் சர்வே செய்து எது காடு, எது தோட்டம், எது குடியிருப்பு என்று பிரிக்க வேண்டும். பழங்குடிகளின் உரிமைகளை கிராம சபை மூலம் முடிக்கலாம். சிறு விவசாயிகளுக்குச் சட்டத் திருத்தம் வேண்டும். காடாகக் கருதப்படும் இடம் என்றால் மத்திய அரசின் அனுமதியும் வேண்டும். யானை வழித்தடங்களை இதில் தொடக் கூடாது.

எஸ்டேட் வழக்கு எப்போது முடியும் என்று காத்திருந்தே ஒரு தலைமுறை போய்விட்டது. அந்தத் தீர்ப்புக்குக் காத்திருக்காமல் சிறு குடியிருப்புகளைத் தனியாகப் பிரிக்க அரசு முன்வருமா என்பதுதான் இப்போதைய கேள்வி.