பூவின் முகம் மட்டும் போதுமா?

மழை ஓய்ந்ததும் சாலையோரம் பூத்துவிடுகிறது. யாரும் விதைக்கவில்லை. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. ஆனாலும் தும்பை வெள்ளையாகப் பூக்கிறது. ஆவாரை மஞ்சளாகப் பூக்கிறது. வேலி மேலே சங்குப்பூ நீலமாய்த் தொங்குகிறது.

முன்பெல்லாம் இந்தப் பூக்களை ஆடு மேய்ப்பவர்களும் நாட்டு வைத்தியர்களும்தான் கவனித்துப் பார்த்தார்கள். இப்போது வீட்டுக்கு வீடு செல்போன் இருக்கிறது. செல்போனுக்குள் காமிராவும் இருக்கிறது. மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பூவைப் படம் பிடிக்கிறார்கள். "இது என்ன பூ?" என்று செல்போனையே கேட்கிறார்கள். அதுவும் ஒரு நொடியில் ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறது.

நல்ல பழக்கம்தான். பூவைப் பறிக்காமல் ரசிக்கக் கற்றுக்கொடுக்கிறதே, அது போதாதா?

ஆனால் ஒரு குறை இருக்கிறது. எல்லோரும் பூவின் முகத்தை மட்டும் படம் பிடிக்கிறார்கள். இலையை விட்டுவிடுகிறார்கள். தண்டை விட்டுவிடுகிறார்கள். காயை யாருமே திரும்பிப் பார்ப்பதில்லை. இப்படி எடுத்த படத்தை வைத்துக்கொண்டு பெயர் சொன்னால் என்ன ஆகும்?

இரண்டும் மஞ்சள்தான்!

ஆவாரையைத் தெரியாதவர் தமிழ்நாட்டில் குறைவு. கொங்கு நாட்டில் பொங்கலுக்கு முதல் நாள், வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் சேர்த்துக் காப்புக் கட்டுகிற பூ அது. அதன் பட்டை தோல் பதனிட உதவியது. பூவைக் காயவைத்து, தண்ணீரில் கொதிக்கவைத்துக் குடிப்பவர்களும் உண்டு.

அதே சாலையோரத்தில் இன்னொரு செடியும் நிற்கிறது. அதன் பெயர் பேயாவரை. அதற்கும் மஞ்சள் பூ. அதற்கும் ஐந்து இதழ். பூவை மட்டும் படம் பிடித்துக் காட்டினால், விவரம் தெரிந்தவர்கூடச் சற்றுத் தயங்குவார்.

செடியைப் பார்த்துவிட்டால் தயக்கமே இல்லை. ஆவாரையின் ஒவ்வொரு இலைக் காம்பிலும் 8 முதல் 12 ஜோடி சிற்றிலைகள் இருக்கும். அவற்றின் நுனி மழுங்கி இருக்கும். காம்பு தண்டோடு சேருகிற இடத்தில், காது மடல் போலப் பச்சையாக இரண்டு தகடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். பேயாவரைக்கு 4 அல்லது 5 ஜோடி சிற்றிலைகள்தான். நுனி கூராக இருக்கும். கசக்கினால் கெட்ட நாற்றம் அடிக்கும். அந்தக் காது மடல் மட்டும் இருக்காது.

சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753-ல் ஆவாரைக்கு விஞ்ஞானப் பெயர் வைத்தார். அதில் "ஆரிக்குலேட்டா" என்று ஒரு சொல் வருகிறது. காது உடையது என்று பொருள். இத்தனை அழகான பூ இருக்க, அவர் பெயர் வைத்தது காதைப் பார்த்துத்தான்! இலையை விட்டுவிட்டுப் படம் பிடிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

உயிரைக் குடித்த விதை

"ஏதோ ஒரு மஞ்சள் பூ. பெயர் மாறினால்தான் என்ன குடி முழுகிவிடும்?" என்று சிலர் கேட்பார்கள்.

உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில், ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்த பிறகு சிறு குழந்தைகள் திடீர் திடீரென்று நோயில் விழுந்தார்கள். வாந்தி எடுத்தார்கள். நினைவு தப்பினார்கள். பலர் இறந்தும் போனார்கள். மூளைக் காய்ச்சல் என்று நினைத்தார்கள். எந்தக் கிருமி என்று தேடினார்கள். கிருமி அகப்படவில்லை.

2007-ல் வெளியான மருத்துவ ஆராய்ச்சி ஒன்று காரணத்தைச் சொன்னது. பேயாவரை விதைதான் காரணம்! விளையாடும் இடத்தில் முளைத்த செடியின் காயை, ஏதோ அவரைக்காய் என்று குழந்தைகள் தின்றிருக்கிறார்கள். பெற்றோர் தினமும் அந்தச் செடியைத் தாண்டித்தான் போய் வந்தார்கள். அதில் விஷம் இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆகையால் செல்போன் சொன்ன பெயரை நம்பி, சாலையோரத்துப் பூவையோ இலையையோ விதையையோ வாயில் போடவே கூடாது. செல்போன் பொய் சொல்லவில்லை. அது ஊகிக்கிறது. பிறர் எடுத்த படங்களோடு நம் படத்தை ஒப்பிட்டு, இதுவாக இருக்கலாம் என்கிறது. அரைகுறைப் படத்தைக் கொடுத்தால் அரைகுறை பதில்தான் வரும்.

ஒரு செடி, பல பெயர்

சரி, ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் போதுமா? அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது.

தரையோடு படர்ந்து, நீண்ட காம்பின் நுனியில் சிறிய பூ வைத்திருக்கும் செடி ஒன்று உண்டு. நடுவில் மஞ்சள், ஓரத்தில் வெளிர் இதழ். வெட்டுக்காயப் பூண்டு என்பார் ஒருவர். கிணற்றடிப் பூண்டு என்பார் இன்னொருவர். தாத்தாப் பூ என்று சொல்லி அதன் தலையைச் சுண்டிவிட்டு விளையாடும் பிள்ளைகள் எத்தனை பேர்! இத்தனை தமிழ்ப் பெயர் பெற்ற செடி, மத்திய அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே குடியேறியது. ட்ரைடாக்ஸ் என்ற விஞ்ஞானப் பெயர் சொன்னால், எந்த ஊர்க்காரருக்கும் அது ஒரே செடிதான்.

ஆகவே இரண்டு பெயரும் வேண்டும். விஞ்ஞானப் பெயர் செல்போனில் எப்போதும் கிடைக்கும். பாட்டி சொல்லும் பெயர் பாட்டி இருக்கும்வரைதான் கிடைக்கும். முதலில் எழுதி வைக்க வேண்டியது எது என்று சொல்லவும் வேண்டுமா? பள்ளிக்கூடத்தில் செம்பருத்தியை அறுத்துப் படம் வரைகிறார்கள். பள்ளி வாசலில் மிதிபடும் பூவுக்குப் பெயர் கேட்டால் விழிக்கிறார்கள்!

எப்படிப் படம் பிடிப்பது?

ஒரு செடிக்கு ஒரு படம் போதாது. முதலில் முழுச் செடியையும் எடுக்க வேண்டும். மரமா, புதரா, கொடியா என்பது தெரியும். பிறகு பூவின் முகம். அடுத்து பூவின் பின்புறம். இலை தண்டோடு சேரும் இடத்தை மறக்கவே கூடாது. தண்டைத் தொட்டும் பார்க்கலாம். தும்பைத் தண்டு உருண்டையாக இருக்காது, நான்கு பட்டையாக இருக்கும். பூவுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்து எடுத்தால் அளவு தெரிந்துவிடும். ஊர் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

உச்சி வெயிலில் மஞ்சள் பூ வெளுத்துப்போய்ப் படத்தில் விழும். காலை நேரமே நல்லது. விஷ்ணுகிராந்தியின் நீலப் பூவைப் பார்க்க வேண்டுமானால் காலையில்தான் போக வேண்டும். பிற்பகலில் அது மூடிக்கொள்ளும்.

இன்னொன்று. சாலையில் லாரி வரும். புதரில் பாம்பு இருக்கும். பிள்ளைகளைத் தனியாக அனுப்பாமல் பெரியவர்கள் கூடவே போவது நல்லது.

போன இடத்தில் பூ உதிர்ந்து போயிருந்தால் வெறுங்கையோடு திரும்ப வேண்டாம். காயைப் படம் பிடியுங்கள். ஆவாரையின் காய் காகிதம் போலத் தட்டையாகத் தொங்கும். பேயாவரையின் காய் ஒல்லியாக, நீளமாக, லேசாக வளைந்து இருக்கும். குழந்தைகள் அவரைக்காய் என்று எடுத்துத் தின்றது அதைத்தான்.