கரண்ட் வைக்கலாமா?

காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணையில் போன மாதம் ஒரு சபை கூடிற்று. எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். கதை எழுதுகிறவனுக்கு உலகத்து விஷயமெல்லாம் தெரியும் என்று நம்மவர்களுக்கு ஒரு தப்பபிப்பிராயம் உண்டு.

விஷயம் இதுதான். அந்த வீட்டு அம்மாளுக்கு மார்பிலே புற்று. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் மார்பை முழுவதும் எடுக்காமல் கட்டியை மட்டும் அறுத்து எடுத்தார்கள். புண் ஆறிவிட்டது. இனிக் கரண்ட் வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு நம் ஜனங்கள் இட்ட பெயர் அது. பாதிப் பயத்தை அந்தப் பெயரே கொண்டுவந்துவிடுகிறது.

“உடம்பு வெந்து போயிடும். பேரப் பிள்ளையைக் கிட்டே விடக்கூடாதாம்” என்றாள் மாமியார்.

“கட்டியைத்தான் எடுத்தாச்சே, இன்னும் எதுக்கு?” என்றார் மூத்தார்.

“ஆவணி முகூர்த்தத்துக்குச் சேலை கொடுத்தாகணும் சார். தினம் சென்னைக்குப் போய் வந்தா தறி நின்னுடும்” என்றார் புருஷர். அது பொய்யில்லை. கோர்வைச் சேலைக்குக் கரை கோக்க இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் அவள்தான்.

அவளோ உள்ளே ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டது.

“அவங்களைக் கேட்டீங்களா?” என்றேன்.

“அவளுக்கு என்ன சார் தெரியும்?”

இந்த ஒரு வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. நெசவாளர் வீடு, படிப்பில்லாதவர்கள் என்று வாசகர்கள் சமாதானம் அடைந்துவிட வேண்டாம். பட்டம் பெற்ற பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதைவிட நாசூக்காக நடக்கிறது. ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, “அம்மா தாங்கமாட்டாள்” என்கிறார்கள். உடம்பிலே தாங்குகிறவள் காதிலே தாங்கமாட்டாளா?

தெரியாது என்றால் சொல்ல வேண்டியதுதானே! கட்டியோடு வியாதியும் முழுக்கப் போய்விட்டது என்று எந்த டாக்டரும் அடித்துச் சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரியாத இழைகள் மிச்சம் இருக்கலாம். அவற்றுக்காகத்தான் கதிர். அமெரிக்காவில் 1976ல் தொடங்கிய ஒரு பரிசோதனையின் இருபதாண்டுக் கணக்கு 2002ல் வெளிவந்தது. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் வைக்காத பெண்கள் நூற்றுக்கு 39 பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. கதிர் வைத்தவர்களில் 14 பேருக்கு. இப்படிப்பட்ட 17 பரிசோதனைகளில் பங்கு பெற்ற 10,801 பெண்களின் கணக்கை 2011ல் சேர்த்துப் பார்த்தார்கள். 15 ஆண்டுகளில் இந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு 25லிருந்து 21 ஆகக் குறைந்திருந்தார்கள். கதிர் பட்ட தோல் கறுக்கும், எரியும்; களைப்பு வரும்; இடப்பக்கமானால் இருதயத்தைக் காக்கத் தனிக் கவனம் வேண்டும். ஆனால் வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் உடம்பில் தங்குவதில்லை. பேரப் பிள்ளையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம்.

எல்லாரும் கரண்ட் வைத்தே தீரவேண்டும் என்று நான் கட்சி கட்டவில்லை. 65 வயதைத் தாண்டிய, ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படுகிற சிறிய கட்டி உடைய, நெறியில் பரவாத பெண்களைப் பற்றி 2023ல் ஒரு முடிவு வந்தது. மாத்திரையோடு கதிரும் வைத்தவர்களில் பத்தாண்டில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே அதே மார்பில் நோய் திரும்பிற்று; வைக்காதவர்களில் ஒன்பது பத்துப் பேருக்கு. ஆயுளில் வித்தியாசமில்லை. அப்படிப்பட்ட ஒருத்தி, “எனக்கு வேண்டாம்” என்றால் அது அறியாமை ஆகாது. நம் அம்மாளுக்கு வயது நாற்பத்தாறு. அவள் தராசு வேறு. ஆனாலும் நிறுக்க வேண்டியவள் அவள்தானே? டாக்டர்களும் இதைச் சொல்லிப் புரியவைப்பதில்லை. வாசலில் நூறு பேர் நிற்கிறார்கள் என்பார்கள். உண்மைதான். ஆனால் பத்து நிமிஷம் அவளுக்குக் கொடுத்தால் இந்தத் திண்ணைச் சபையே வேண்டியிராது.

தறிக் கணக்கும் பழைய கணக்குத்தான். முன்பு ஐந்து வாரம், ஆறு வாரம் என்று இழுத்தது உண்டு. இன்று பலருக்குப் பதினைந்தே தடவை, மூன்று வாரம். ஒரு கோர்வைச் சேலை நெய்கிற காலம்! அதற்கும் சென்னைக்கே ஓடவேண்டுமா? ஊர் ஓரத்திலே, காரைப்பேட்டையில், அரசாங்கப் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. இதே ஊரில் பிறந்து 1969ல் புற்றுநோயால் மறைந்த அண்ணாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதைச் சொன்னதும் திண்ணை மௌனமாயிற்று. கடைசியில் மூத்தார்தான் வாயைத் திறந்தார்.

“பொண்ணுக்கு வரன் பாக்கறோம் சார். இங்கே போனா ஊருக்குத் தெரிஞ்சுடும்.”

ஆக, கரண்டும் இல்லை, தறியும் இல்லை. தாயின் மார்பில் நோய் மிச்சமிருக்கலாம். ஊர் வாயில் அவள் பெயர் வரக்கூடாது! சம்பந்தி வீட்டார் காதுக்கு இருக்கிற மரியாதை இவள் உயிருக்கு இல்லை. அந்த வரன் வீட்டிலும் ஒரு தாயார் இருப்பாளே, அவளுக்கு வந்தால் எந்த ஊருக்குக் கொண்டுபோய் ஒளிப்பார்கள்? கோபத்தில் நானும் குரலை உயர்த்திவிட்டேன் போலிருக்கிறது. உள்ளே ராட்டைச் சத்தம் நின்றது.

அவள் நிலைப்படிக்கு வந்தாள். கையில் பட்டு இழை இன்னும் சுற்றியிருந்தது. மாமியாரைப் பார்க்கவில்லை, புருஷரையும் பார்க்கவில்லை.

“அந்த முப்பத்தொம்பது, பதினாலுன்னீங்களே அண்ணே,” என்றாள், “அதை ஒரு காகிதத்திலே எழுதிக் குடுங்க. நானே டாக்டரம்மாகிட்டே கேட்டுக்கறேன்.”

எழுதிக் கொடுத்தேன். புருஷர் எழுந்து உள்ளே போய்த் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தார். கரை கோக்க அன்றைக்கு ஆள் போகவில்லை.