யாருக்குச் சுதந்திரத் தொழில்?

விசிட்டிங் கார்டில் ‘ஃப்ரீலான்ஸ் டிசைனர்’ என்று போட்டுக்கொண்டேன். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ‘இன்னாடா அது, ஃப்ரீயா வேலை செஞ்சி குடுக்கறதா?’ என்று கேட்டாள். எழுத்தறியாத அவள் கேட்டதுதான் தோழர்களே அரசியல் கேள்வி. கம்ப்யூட்டர் படித்தவன் எவனும் என்னை அப்படிக் கேட்டதில்லை. ‘இனி நீயே உனக்கு முதலாளி’ என்று கைகொடுத்தான்கள்.

நான் கடந்துவந்த முதலாளிகளைச் சொல்கிறேன். ஓசூரைச் சுற்றியிருக்கும் ரோஜாப் பண்ணை ஒன்றில் பூ அறுத்தேன். மருந்து அடித்த ஈரம் காயுமுன்னே உள்ளே போகச் சொல்வான். காதலர் தினத்துக்கு விமானம் ஏறுகிற பூ, எங்கள் கையெல்லாம் முள். அப்புறம் கிரானைட் பாலிஷ். அப்புறம் சிப்காட்டில் காண்ட்ராக்ட். 1980களில் பெரிய கம்பெனிகள் இங்கே வந்தபோது, சாதி செத்துவிடும், மிஷினுக்கு ஏது தீட்டு என்றார்கள். மிஷினுக்குத் தீட்டு இல்லைதான். ஆனால் கேட்டுக்கு உள்ளே நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு கலர் சட்டை, எங்களுக்கு வேறு கலர் சட்டை. டாய்லெட் கழுவுகிற காண்ட்ராக்டில் எந்தத் தெரு ஆட்கள் இருக்கிறார்கள் என்று யாரும் எண்ணிப் பார்க்கத் தேவையில்லை, பார்த்தாலே தெரியும்.

அம்பேத்கர் 1936-இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் இதைச் சொல்லிவிட்டார். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே மேல் கீழாகப் பிரித்து அடைத்து வைப்பது. அந்த உரையை லாகூர் மாநாட்டில் பேச அழைத்தவர்களே பயந்து கைவிட்டபோது, சொந்தக் காசில் 1500 பிரதி அச்சடித்து வெளியிட்டார். மேடை தர மறுக்கப்பட்டவர் தானே மேடை போட்டுக்கொண்டார். நான் புரிந்துகொண்ட சுதந்திரத் தொழில் அதுதான்.

கம்பெனியை விட்டு ஒரு போர்டு ஆர்ட்டிஸ்டிடம் சேர்ந்தேன். ஓசூரில் போர்டு எழுதுகிறவனுக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் கைவரணும். ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, வேறு மாநிலம், வேறு எழுத்து. கை பழகி நாலு காசு பார்க்கிற நேரத்தில் ஃபிளெக்ஸ் வந்தது, பிரஷ் செத்தது. கோரல் டிரா கற்றுக்கொண்டேன். ஃபிளெக்ஸுக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை. டிசைன்? ‘டிசைன் இலவசம்’ என்று கடை வாசலிலேயே எழுதி வைத்திருப்பான். அம்மா கேட்டது சரிதானே? துணிக்கு விலை உண்டு, மையிக்கு விலை உண்டு, மூளைக்கு மட்டும் இல்லை.

இப்போது அந்தச் சம்பவத்துக்கு வருகிறேன். சூளகிரிப் பக்கத்து ஊரிலிருந்து நாலு இளைஞர்கள் கோயில் திருவிழா பேனருக்கு வந்தார்கள். சிங்கம் வேணும், வாள் வேணும், சாதிப் பட்டம் பெருசா வேணும். போட்டுக் கொடுத்தேன். ‘சூப்பர்ணா, கலைஞன்ணா நீங்க’ என்றான்கள். பாதிப் பணம் கொடுத்தான்கள். கிளம்பும்போது ஒருத்தன் கேட்டான், ‘அண்ணா எந்த ஊரு?’ சொன்னேன். ‘ஊருக்குள்ளயா, காலனியா?’ சொன்னேன். அவ்வளவுதான், ‘அண்ணா’ போய்விட்டது. ‘அப்டியா… அப்ப ஒண்ணு பண்ணு. சாமி ஊர்வலத்துக்கு தப்பு அடிக்க உங்காளுங்க நாலு பேர இட்டுகினு வந்துடு. மிச்சப் பணம் அங்க வாங்கிக்க.’

அஞ்சு நிமிஷத்தில் டிசைனர் வெட்டியான் ஆன கதை இது. கம்ப்யூட்டர், கார்டு, மூன்று மொழி எல்லாவற்றையும் ஒரே கேள்வி துடைத்துவிட்டது. ‘வரமாட்டோம்’ என்றேன். மிச்சப் பணம் வரவேயில்லை.

அவன்களை மட்டும் திட்டி முடித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. அந்த வாளை வரைந்தது என் கை. 2012 நவம்பர் 7 அன்று பக்கத்து தர்மபுரியில் நத்தம் காலனியும் அண்ணா நகரும் கொண்டம்பட்டியும் எரிந்தன. 2018 நவம்பரில், இதே ஓசூரில் குடித்தனம் நடத்திய ஒரு தலித் இளைஞனும் அவனைக் கட்டிக்கொண்ட பெண்ணும் கடத்தப்பட்டு, கொல்லப்பட்டு, காவிரியில் வீசப்பட்டார்கள். அதற்குப் பிறகும் ஆண்ட பரம்பரை பேனர்களுக்கு நான் சிங்கம் தேடிக்கொண்டிருந்தேன். வாடகை கட்டணுமே என்பது என் நியாயம். தொழில் வேறு, அரசியல் வேறு என்று சொல்லிக்கொண்டேன். நம்மை எரிக்கிறவனுக்கு நாமே விளம்பரம் செய்து கொடுப்பதற்குப் பெயர் சுதந்திரத் தொழில் என்றால் அது நாசமாய்ப் போகட்டும்.

தப்பு அடிக்கிறது கேவலம் என்று நான் சொல்லவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் தப்பு, அந்தப் பக்கம் தமட்டெ. தோல் ஒன்று, அதன்மேல் சுமத்திய இழிவும் ஒன்று. ஊர்ச் சாவுக்கு அடிக்கமாட்டோம் என்று பறையைக் கீழே போட்டு அடிபட்டவர்களும் நம்மவர்கள், அதே பறையை விடுதலை மேடையில் தூக்கியவர்களும் நம்மவர்கள். இரண்டும் முரண் இல்லை. முடியாது என்று சொல்ல முடிந்தவன் அடித்தால் அது கலை. சொல்ல முடியாதவன் அடித்தால் அது ஊழியம். 1928-இல் பம்பாய் சட்டசபையில் மகார் வதன் முறைக்கு எதிராக அம்பேத்கர் மசோதா கொண்டுவந்தது இந்த ஊழியத்தை உடைக்கத்தான்.

பெரிய மேடைக்குப் போனால் மாறிவிடுமா? 2021-இல் ‘எஞ்சாயி எஞ்சாமி’ உலகமெல்லாம் ஒலித்தது. எழுதிப் பாடியவர் அறிவு. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் அவர் முகம் இல்லை. பா. ரஞ்சித் கேட்ட பிறகுதான் அறிவுக்கென்று தனி அட்டை வந்தது. அங்கேயே அப்படி என்றால் பாகலூர் ரோட்டில் கேட்பது யார்?

நம் இயக்கத் தோழர்களிடமும் ஒரு வார்த்தை. ஏப்ரல் 14-க்கு போஸ்டர், டிசம்பர் 6-க்கு பேனர். காசு கேட்டால் ‘இயக்கத்துக்குத்தானே தோழர்’. அச்சகத்துக்காரனுக்குக் கொடுக்கிறீர்கள், மைக் செட்டுக்குக் கொடுக்கிறீர்கள், எழுதுகிறவனுக்கும் வரைகிறவனுக்கும் பறை அடிக்கிறவனுக்கும் மட்டும் தியாகம். பக்கத்து கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் இறங்கிய நம் சனங்கள் பத்திரிகையைத் தாங்கிப் பிடித்தார்கள். அயோத்திதாசர் 1914-இல் மறைந்தபின், 1920களில் ஜி. அப்பாதுரையார் அங்கிருந்து ‘தமிழன்’ இதழை நடத்த முடிந்தது அதனால்தான்.

2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் ‘கிக் தொழிலாளி’ என்று ஒரு பேர் இருக்கிறது. பேர் இருந்து என்ன, ஒத்தையாளாக நின்றால் எந்தச் சட்டமும் வீடு தேடி வராது. பேனர் போடுகிறவன், போட்டோ எடுக்கிறவன், பறை அடிக்கிறவன், மேளம் கட்டுகிறவன் எல்லாம் ஓசூரில் ஒரு சங்கமாகணும். கூலி முன்னாடியே எழுத்தில் வேணும். வேலையில் பேர் வேணும். சாதி வாளுக்கும் சாதி ஊழியத்துக்கும் ‘முடியாது’ என்று எல்லோரும் சேர்ந்து சொல்லணும். ஒருத்தன் சொன்னால் வேலை போகும், நூறு பேர் சொன்னால் விலை ஏறும்.

என் கடை வாசலில் இப்போது எழுதி வைத்திருக்கிறேன். ஃபிளெக்ஸில் அல்ல, பழைய பிரஷ்ஷை எடுத்து, மூன்று மொழியிலும்: ‘டிசைனுக்குக் காசு உண்டு. சாதிப் பட்டம் போடப்படாது.’ மூன்று மாதமாக வேலை பாதியாகிவிட்டது. பொய் சொல்லமாட்டேன், கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அம்மாவுக்கு இப்போது பதில் சொல்ல முடிகிறது.

ஃப்ரீயா செய்யறதில்லம்மா. இனிமே எவனுக்கும் செய்யறதில்ல.