கயிறு மாற்றாத மாடு

இந்த வாரம் எனக்குப் பிடிக்காத நிறம் பச்சை. செல்போன் திரையில் வட்டமாக வந்து, நடுவில் ஒரு டிக் போட்டுக்கொண்டு நிற்குமே, அந்தப் பச்சை.

என் ஆல்டோ காரை விற்பதென்று முடிவெடுத்தேன். ஒருமுறை சித்திரை வெயிலில் பின்சீட்டில் பலாப்பழம் வெடித்த வண்டி. ஒருவழியாக மனதைத் தேற்றிக்கொண்டு 2,10,000 ரூபாய்க்கு விலை பேசினேன். சனிக்கிழமை சாயங்காலம் ஒருவர் வந்தார். வண்டியைச் சுற்றி ஒரு நடை, அவ்வளவுதான். டயரைக்கூட உதைத்துப் பார்க்கவில்லை. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். "அனுப்பிட்டேன் சார், பாருங்க" என்று போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். பச்சை வட்டம், டிக், 2,10,000. என் போனில் ஒரு முனகல் இல்லை. "சர்வர் ஸ்லோ சார். நாளைக்கு ஞாயித்துக்கிழமை வேற. திங்கக்கிழமை ஏறிடும். சாவியக் குடுங்க."

ஞாயிற்றுக்கிழமை வங்கிப் பணம் தூங்கிய காலமெல்லாம் மலையேறிவிட்டது. நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும் ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்தும் எல்லா நாளும் 24 மணி நேரமும் ஓடுகின்றன. அதிருக்கட்டும், ஆளுக்கு ஆள் அனுப்பும் யூபிஐயில் ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தானே உச்சம், இது எப்படிப் போனது என்றேன். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். வால்பாறைக்கே போய்க் குடிக்கிறாரோ என்னவோ, இன்னும் வரவில்லை.

மறுநாள் வந்தவர் மஞ்சப்பையில் முழுப் பணத்தையும் ரொக்கமாகக் கொண்டுவந்தார். அவரையும் வேண்டாமென்றேன். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க 2017 ஏப்ரலிலிருந்து தடை. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம், அதுவும் வாங்கியவருக்கு. "அப்படியே உங்கப்பா" என்றாள் மனைவி. பாராட்டா என்று தெரியவில்லை.

மாடு விற்க அப்பாவோடு வியாழக்கிழமை பொள்ளாச்சிச் சந்தைக்குப் போவேன். தரகர் கைகளின் மேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்தே விலை பேசுவார். துண்டு அசைவதை வைத்து ஏறுகிறதா இறங்குகிறதா என்று நான் உற்று உற்றுப் பார்ப்பேன். ஒரு தடவைகூடச் சரியாகச் சொன்னதில்லை. விலை படிந்ததும் அச்சாரம் கை மாறும், மாடு நகராது. முழுப் பணத்தையும் எச்சில் தொட்டு எண்ணி, மடியில் கட்டி, வேட்டியை ஒருமுறை இறுக்கிக்கொண்ட பிறகுதான் அப்பா குனிவார். வாங்கியவர் கொண்டுவந்த புதுக்கயிற்றைக் கட்டி முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் பழையதை அவிழ்ப்பார். கொஞ்ச நேரம் மாட்டின் கழுத்தில் இரண்டு கயிறு கிடக்கும். பழைய கயிறு எங்களோடு பஸ் ஏறி வந்து கட்டுத்தறி விட்டத்தில் தொங்கும்.

ஒரே ஒரு தடவை தவறினார். வாங்கியது என் சின்ன மாமன். சொந்தத்துக்குள் என்ன கயிறு என்று அப்படியே பிடித்துப்போகச் சொல்லிவிட்டார். பணத்துக்கு இரண்டு மூட்டை நிலக்கடலை வந்தது. மீதிக்கு "தை வரட்டும் மச்சான்." தை நிறைய வந்தது. ஒருநாள் விடியக்காலையில் சோளக்காட்டுக்காரர் ஒருவர் அந்த மாட்டைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார். கயிற்றின் தலைப்பில் நீலத்துணி சுற்றுவது அப்பாவின் வழக்கம். "உங்க கயிறுதானுங்களே?" என்றார். அப்பா பேசாமல் உள்ளே போய்ப் பணம் எடுத்துவந்தார்.

வண்டியை விற்றுக் கைமாற்றிவிட்டாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்துக்கு அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது எனக்கு அந்தச் சோளக்காடுதான் ஞாபகம் வந்தது.

செவ்வாய்க்கிழமை வந்தவர் டயரை உதைத்தார், பாயைத் தூக்கித் துரு பார்த்தார், நாலாயிரம் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் வழக்காடினார். மனசு நிறைந்துவிட்டது. அவருடைய வங்கிக்கே சேர்ந்து போய் ஆர்டிஜிஎஸ் போட்டோம். என் கணக்கை என் போனில் பார்த்து, ஏறியதை உறுதி செய்துகொண்டு, 29, 30 இரண்டு படிவங்களிலும் கையெழுத்துப் போட்டேன். ஆர்டிஓ ஆபீசுக்கும் கூடவே போனேன்.

சாவியைக் கொடுக்கும்போது வளையத்தை மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அவர் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் நெகமத்துக்காரர்.